கங்கம்மா வீட்டார்

2002 ஜனவரி 21, திங்கள். திருப்பதி

காலை முதல் வகுப்பு. எம்.சி.ஏ. இரண்டாம் ஆண்டு. ‘தகவல் அமைப்புகளும் சமூகமும்’ என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் கடைசி வரிசையிலிருந்து கேள்வி: “மேடம், இது எக்ஸாமுக்கு வருமா?” வரும் என்றேன். உடனே எழுத ஆரம்பித்தார்கள். வாழ்க்கைக்கு வருமா என்று ஒருத்தராவது கேட்பார் என்று பல வருஷமாகக் காத்திருக்கிறேன். இவர்களில் பாதிப் பேரின் மனசு ஏற்கெனவே அமெரிக்காவில் குடியேறிவிட்டது. உடம்பு மட்டும் அட்டெண்டன்ஸுக்காக இங்கே உட்கார்ந்திருக்கிறது. அங்கே போனவர்களே போன வருஷத்திலிருந்து மூட்டை கட்டித் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னால் என்னை ஏதோ சாபம் விடுகிறவளைப் போலப் பார்க்கிறார்கள்.

மதியம் துறைத் தலைவர் சிவசங்கரன் சார் கூப்பிட்டார். என் ஆய்வுத் திட்டத்துக்கு அனுமதி வந்துவிட்டது! ஆந்திர-தமிழக எல்லைக் கிராமங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு அந்த ஜனங்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி. சார் நெற்றியைச் சொறிந்துகொண்டார். “எல்லாரும் கம்ப்யூட்டர் என்ன செய்யும்னு ஆராய்ச்சி பண்றாங்க யமுனா. நீங்க மட்டும் அது செஞ்சுட்டுப் போன இடத்தைப் பெருக்கிக்கிட்டே வர்றீங்க.” யாராவது பெருக்க வேண்டுமே சார் என்றேன்.

முதல் சாட்சி நானே. பட்டச் சான்றிதழில் நான் ஆர். யமுனா. அரசாங்கக் குடும்ப அட்டையில் கங்கம்மா யமுனா. இரண்டு நதியும் ஒரே ஆளிடம். எங்கள் ஊருக்கு மட்டும் தண்ணீர் லாரியில் வருகிறது.

ஜனவரி 27, ஞாயிறு. வேப்பங்கண்டிகை

வடமாலபேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் முழங்கால் முகவாயில் இடிக்க ஊருக்கு வந்தேன். நைனாவை இன்று மகளாக இல்லாமல் ஆய்வாளராகப் பேட்டி எடுத்தேன். பாகாலா ஜங்ஷனில் ரயில்வே கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்; டேப் ரெக்கார்டரைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அந்தக் கதையை முழுதாக எழுதி வைக்கிறேன். தெலுங்குக்காரர்கள் எல்லோருக்கும் இண்டிபேரு உண்டு. வீட்டுப் பெயர், பெயருக்கு முன்னால் நிற்கும். ஒரே இண்டிபேரு என்றால் பங்காளிகள். பெண் கொடுத்து எடுக்கமாட்டார்கள். தமிழர்களான எங்களுக்கோ அப்பா பெயரின் முதலெழுத்தோடு சரி. நாலைந்து வருஷத்துக்கு முன் ஒரு தனியார் கம்பெனி ஆள் ஜெனரேட்டரும் கம்ப்யூட்டருமாக வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து குடும்பங்களைப் பதிவு செய்தான். இண்டிபேரு கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த வரிக்கு நகராது. ஜனங்கள் விழித்தார்கள்.

“டீசல் தீந்துபோய்க்கினு இருக்குது, எதனா ஒரு பேரு சொல்லுங்கன்னு அவன் கத்தறான்,” என்றார் நைனா. “நான்தான் சொன்னேன். கங்கம்மான்னு போடுப்பா, நாம எல்லாரும் அவ புள்ளைங்கதானே, ஆடி மாசம் அவளுக்குத்தானே கூழு ஊத்தறோம்னு. அவன் போட்டான். அப்பறம் வந்தவனுக்கெல்லாம் கேக்காமயே போட்டுகினு போய்ட்டான்.”

அப்பறம் வந்தவர்கள் யார்? ஊர்த் தெருக்காரர்கள். நிலம் வைத்திருப்பவர்கள். அட்டை கைக்கு வந்தபோதுதான் அவர்களுக்கே தெரிந்தது, காலனிக்காரர் ரங்கையா (நைனாதான்) தங்கள் வீட்டுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டார் என்று. ஊர்வலத்தில் அம்மன் இன்றுவரை எங்கள் காலனிக்குள் வந்ததில்லை, மூலையிலேயே திரும்பிவிடுவாள். அட்டையில் மட்டும் வந்துவிட்டாள்.

நைனாவுக்கு இதில் உள்ளூரப் பெருமை. டேப்பை ஒருதரம் போட்டுக் கேட்டார். “என் கொரலு நல்லாத்தான் கீது,” என்றார்.

பிப்ரவரி 9, சனி. புத்தூர்

பஸ் ஸ்டாண்டு எதிரே மாடியில் ‘பெரியவீடு இண்டர்நெட் சென்டர்’. நடத்துபவர் வெங்கடரமணன். எங்கள் ஊரேதான், ஊர்த் தெரு. சின்ன வயசில் சித்தூரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதால் பார்த்த ஞாபகமே இல்லை. அமெரிக்காவில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர், கம்பெனி மூடிவிட்டதால் திரும்பி வந்திருக்கிறார். நாற்பது வயது. கல்யாணம் ஆகவில்லையாம். (இது ஆய்வுக்குத் தேவையில்லாத தகவல்.)

பேர் ஏன் பெரியவீடு என்று கேட்டேன். “அம்மா போட்ட கண்டிஷன். எங்க வீட்டை ஊர்ல அப்படித்தான் சொல்வாங்க. கம்ப்யூட்டர்ல கங்கம்மான்னு ஆயிடுச்சுன்னு அவங்களுக்கு இன்னும் ஆறல. போர்டுலயாவது இருக்கட்டும்னு வெச்சேன்.”

நான் உட்கார்ந்திருந்தபோதே ஓர் அம்மாள் வந்தாள். மகன் டெக்சாஸில். திரையில் அவன் முகம் விட்டுவிட்டு அசைந்தது. இளைத்துப்போய்விட்டானாம். முந்தானையில் முடிந்து கொண்டுவந்த உப்பும் மிளகாயும் எடுத்து மானிட்டரை மூன்று சுற்றுச் சுற்றித் திருஷ்டி கழித்தாள். பிறகு அதை எங்கே போடுவது என்று தெரியாமல் வெங்கடரமணனிடமே நீட்டினாள். அவர் கொஞ்சமும் முகம் சுளிக்காமல் ஒரு காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டார். “வாரத்துக்கு நாலஞ்சு பொட்டலம் வரும்ங்க. கீழ டீக்கடை அடுப்புல போட்டுருவேன். கடைக்காரர் இருமிக்கிட்டே திட்டுவார்.”

எத்தனை கட்டுரை படித்திருக்கிறேன்! எதிலும் இந்தப் பொட்டலம் இல்லை.

பிப்ரவரி 10, ஞாயிறு

நேற்றைய பேட்டியில் சில விவரங்கள் விட்டுப்போயின. மறுபடி புத்தூர் போக வேண்டியிருக்கும்.

மார்ச் 3, ஞாயிறு. வேப்பங்கண்டிகை

காலனியிலிருந்து முதன்முதலாக பெங்களூருக்குப் போன தமிழரசு லீவில் வந்திருந்தான். கால் சென்டரில் வேலை. ராத்திரியில் அவன் பெயர் டாம். பகலில் வீடு தேடும்போதுதான் சங்கடமாம்.

“வூட்டுக்காரரு முழுப் பேரு கேட்டாருக்கா. நான் இன்னா ஆளுன்னு தெரிஞ்சிக்கத்தானே கேக்கறாங்க. கங்கம்மா தமிழரசுன்னேன். தமிழா தெலுங்கா, மேலயா கீழயா, ஒண்ணுமே புரியல அவருக்கு. ஊர்ல வேற யாரு கீறாங்கன்னாரு. எல்லாருமே கங்கம்மாதான் சார்ன்னேன். பெரிய குடும்பம் போலன்னு வூட்டக் குடுத்துட்டாரு.”

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. வந்த பிறகுதான் உறைத்தது. பேரைக் கேட்டுச் சாதியை மோப்பம் பிடிப்பவர்களின் மூக்கை ஒரு டேட்டா என்ட்ரி ஆள், டீசல் தீர்ந்துபோகும் அவசரத்தில், அடைத்துவிட்டுப் போயிருக்கிறான். பிழைதான். ஆனால் இந்தப் பிழையைத் திருத்தத்தான் வேண்டுமா? அறிக்கையில் இதை எப்படி எழுதுவேன்?

மார்ச் 17, ஞாயிறு. புத்தூர்

இது ஐந்தாவது ‘விட்டுப்போன விவரம்’. டீ வாங்கி வைத்துவிட்டு அவரே சொன்னார்: “மேடம், உங்க கேள்வித்தாள்ல இருக்கறது எல்லாம் முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. போன தடவை கேட்டதையே இப்பவும் கேக்கறீங்க. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா நான் ஒண்ணு கேக்கலாமா?”

கேட்டார்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதமாட்டேன். முப்பத்தெட்டு வயசில் முகம் சிவக்கும் என்பதற்கு என்னிடம் வேறு தரவு இல்லை. இன்று முதல் இந்த நோட்டில் அவர் ‘அவன்’. ரமணன்.

மார்ச் 18, திங்கள்

வகுப்பில் பலகையில் தேதியைத் தப்பாக எழுதினேன். பிள்ளைகள் திருத்தினார்கள். சந்தோஷமாகத் திருத்தப்பட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

நைனாவிடம் சொன்னேன். வெகுநேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். “நல்ல புள்ளதான். அவங்கம்மா வுடமாட்டாங்க,” என்றார். அவ்வளவுதான்.

அவன் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அம்சவேணி அம்மா. கணவர் இறந்த பிறகு தனியாக நின்று பயிர் வைத்து மகனைப் படிக்கவைத்தவர். அந்த மரியாதை எனக்கு உண்டு. அவர் சொன்னதை அவன் மழுப்பத்தான் பார்த்தான், நான் விடவில்லை. “காலனிப் பொண்ணு என் வாசப்படி ஏறக்கூடாது. பெரிய வூடுடா நாம. கம்ப்யூட்டர்ல ஒரே பேரு போட்டா ஒண்ணாயிடுவோமா?”

வலித்தது. வலிக்கவில்லை என்று எழுத இந்த நோட்டு எதற்கு? பேராசிரியர், டாக்டர் என்று பெயருக்கு முன்னால் என்ன ஒட்டினாலும் அந்த வாசப்படிக்கு இந்தப் பக்கம்தான் போலிருக்கிறது.

ஆனால் அவன் அசையவில்லை. ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொள்வோம், யாரையும் கெஞ்ச வேண்டாம் என்கிறான். சரி என்றேன். அழவில்லை. கொஞ்சம்தான்.

ஏப்ரல் 24, புதன். சித்தூர்

குடும்பப் பதிவுகளைத் திருத்துவது பற்றி அதிகாரிகள் கூட்டம். ஆலோசனை சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏசி அறை, முந்திரி பிஸ்கட். ஓர் அதிகாரி யோசனை சொன்னார்: தமிழ்க் குடும்பங்களுக்கு இண்டிபேரு இல்லாததால் சாதிப் பெயரையே அந்தக் கட்டத்தில் போட்டுவிடலாம். சுலபம், குழப்பமில்லை.

பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்தேன். காலியாக விட அனுமதியுங்கள், மாற்ற விரும்பாதவர்களை அப்படியே விட்டுவிடுங்கள், மாற்ற விரும்புகிறவர்கள் அவரவர் வாயால் சொல்லட்டும் என்றேன். “சாஃப்ட்வேர் காலியை ஒத்துக்காது மேடம்,” என்றார்கள். சாஃப்ட்வேர் திருமலையிலிருந்து இறங்கி வந்ததா சார், நம்மைப் போல ஒரு ஆள் எழுதியதுதானே என்றேன். சிரித்தார்கள். முடிவு செய்யவில்லை. அடுத்த கூட்டம் ஜூலையில்.

மே 6, திங்கள்

ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் கல்யாண நோட்டீஸ் கொடுக்கப் போனோம். கிளார்க் உமாபதி நல்ல மனிதர்தான், நெற்றி நிறையத் திருநீறு. இரண்டு குடும்ப அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“ஏமண்டி மேடம், ரெண்டும் ஒக்கே இண்டிபேரு. அன்னா செல்லெலா?”

அண்ணன் தங்கையா என்று கேட்கிறார்!

எங்கள் ஊரில் எல்லோருக்கும் இதே பெயர்தான் என்று முழுக் கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்பா பேரு வேறதான். ஆனா பெரியப்பா சித்தப்பா புள்ளைங்களா இருந்தா? எங்கள்ல இண்டிபேரு ஒண்ணுன்னா மொகத்தக்கூட அப்டி பாக்கமாட்டோம் மேடம். நாளைக்கு யாராவது கேட்டா என் வேல போயிரும்.” பிறகு முகம் மலர்ந்து வழியும் சொன்னார். “காஸ்ட் சர்டிபிகேட் ரெண்டு பேரும் கொண்டாங்க. வேற வேற காஸ்ட்டுன்னா சொந்தம் இல்லன்னு ஆயிடும். அஞ்சு நிமிச வேல.”

வெளியே வந்ததும் ரமணன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். பஸ் ஏறிய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

மே 7, செவ்வாய்

முடியாது. அந்தச் சர்டிபிகேட்ட நான் கொண்டுபோய் வைக்கமாட்டேன்.

படிப்புக்கு வாங்கினேன், வேலைக்கு வாங்கினேன், அது என் உரிமை. தலை நிமிர்ந்து வாங்கினேன். ஆனா கல்யாணத்துக்கு? இவன் மேல, இவள் கீழ, அதனால இவங்க சொந்தம் இல்ல, அதனால கட்டிக்கலாம் — இதா எங்க கல்யாணத்துக்கு முதல் சாட்சி? அம்சவேணி அம்மா வாசப்படியில நின்னு சொன்னதையே அரசாங்க முத்திரை குத்தி நானே கையில ஏந்திக்கினு போகணுமா?

ரமணனிடம் போனில் சொன்னேன். “ஒரு பேப்பர்தானே யமுனா,” என்றான். உனக்குப் பேப்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மே 8, புதன்

துறைக்கே வந்துவிட்டான், புத்தூரிலிருந்து, முதல் பஸ்ஸில். சிவசங்கரன் சாருக்கு வணக்கம் சொல்லிவிட்டு என் மேஜைக்கு எதிரே மாணவனைப் போல நின்றான்.

“நான் கோட் எழுதறவன். ஓடுதா ஓடலயான்னு மட்டும் பாத்துப் பழகிட்டேன். யார் மேல ஏறி ஓடுதுன்னு பாக்கல. நீ சொல்றதுதான் சரி. சர்டிபிகேட் வேண்டாம். வேற வழி பாப்போம், லேட்டானா ஆகட்டும்.”

அவன் போன பிறகு சார் கதவருகே நின்று, “அவரை உங்க வகுப்புல சேர்த்துக்கலாமே, நல்லாப் புரிஞ்சுக்கறார்,” என்றார். மானம் போயிற்று. போனால் போகட்டும்.

மே 15, புதன். வேப்பங்கண்டிகை

விபரீதம். ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் பியூனுக்கு எங்கள் பக்கத்து ஊர். ‘கம்ப்யூட்டரில் இவர்கள் இருவரும் ஒரே வீடு’ என்று அங்கே தொடங்கிய பேச்சு, வடமாலபேட்டை டீக்கடையில் கால் முளைத்து, எங்கள் ஊருக்கு வரும்போது இப்படி ஆகிவிட்டது: பெரிய வீட்டு ஐயாவுக்கு, அதாவது ரமணனின் அப்பாவுக்கு, காலனியில் ஒரு மகள் இருந்தாளாம். அதனால்தான் கல்யாணம் நின்றுபோச்சாம்.

நான் யாருடைய மகள் என்று டீக்கடை முடிவு செய்துவிட்டது! நைனாவின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு போனேன். முதலில் கோபமாகத்தான் இருந்தார். பிறகு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, “ஒங்கம்மா இருந்திருந்தா இந்நேரம் தொடப்பத்த எடுத்துகினு கெளம்பியிருப்பா,” என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அம்மா போனபின் அவளைப் பற்றி அவர் சிரித்துப் பேசியது இதுதான் முதல் முறை.



மே 20, திங்கள்

எழுதக் கை பரபரக்கிறது. வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் ரமணனும் நானும் மறுபடி ஆபீசுக்குப் போனோம். என் பள்ளிச் சான்றிதழ், அவன் பள்ளிச் சான்றிதழ், ஊர்க் கதை எல்லாவற்றையும் ரிஜிஸ்ட்ரார் அம்மாளிடமே சொல்லிப் பார்க்கலாம் என்று. உமாபதி எங்களை உள்ளே உட்காரவைத்து வாய் திறப்பதற்குள் வாசலில் சத்தம். அரக்கு நிறப் புடவை, கையில் குடை, நெற்றியில் வியர்வை. அம்சவேணி அம்மா. ரமணன் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. துடைப்பத்தை எடுக்க ஊர்த் தெருவிலும் ஒருவர் இருக்கிறார் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

எங்களைப் பார்க்கவே இல்லை. நேரே மேஜைக்குப் போனார்.

“எவன்யா அது, செத்துப்போன மனுசன் மேல பழி போட்டவன்? எங்க வூட்டுக்காரரு ராமரு மாதிரி இருந்துட்டுப் போனவரு. அவரு கூடப் பொறந்தவங்க யாரும் கெடயாது, ஒத்தப் புள்ள. எனக்கும் ஒத்தப் புள்ள, இதோ நிக்குது. அது ரங்கையா பொண்ணு. சந்தேகம்னா அந்த மூக்கப் பாரு! ரங்கையா மூக்க அப்டியே புடுங்கி வெச்ச மாதிரி இல்ல? எழுதிக்க. எங்களுக்கும் அவங்களுக்கும் எந்த ஒறவும் கெடயாது.”

உமாபதி நிஜமாகவே என் மூக்கைப் பார்த்தார். ரிஜிஸ்ட்ரார் அம்மாளும் பார்த்தார். என் மூக்கு அரசாங்க ஆவணமான நாள் இது.

வாக்குமூலம் எழுதப்பட்டது. மகனுக்கும் இந்தப் பெண்ணுக்கும் ரத்த சம்பந்தம் இல்லை என்று. அம்சவேணி அம்மா ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டார். ரிஜிஸ்ட்ரார் அம்மாள் பேனாவை மூடுவதற்கு முன் கேட்டார்: “சரிங்கம்மா. அப்ப இந்தக் கல்யாணத்துக்கு உங்களுக்கு ஆட்சேபணை ஏதாவது இருக்கா?”

ரமணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“ஒறவு இல்லன்னுதான் சொன்னேன். கல்யாணம் வாணாம்னு நான் எப்ப சொன்னேன்?”

வெளியே வந்ததும் ரமணன் அவர் கையைப் பிடிக்கப் போனான். உதறிவிட்டார். “ரொம்ப சந்தோசப்படாத. இப்ப நான் வாணாம்னா ஊரு இன்னா பேசும்? அவரு பொண்ணுதான் அது, அதான் இவ தடுக்கறான்னு பேசும். நீ அவளக் கட்டிகினாத்தான் ஒங்கப்பாரு பேரு நிக்கும்.” பிறகு முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். மேலும் கீழும் பார்த்தார். “துன்னறதே இல்லியா நீ? குச்சி மாதிரி கீற.”

பஸ்ஸில் தனியாக, முன் சீட்டில் உட்கார்ந்துதான் போனார்.

மே 21, செவ்வாய்

இன்று கண்ணாடியில் என் மூக்கை நானே வெகுநேரம் பார்த்தேன். நைனாவின் மூக்குதான்.

ஜூன் 24, திங்கள். வேப்பங்கண்டிகை

கல்யாணம் ஆயிற்று. காலை பத்தரைக்குக் கையெழுத்து. சாட்சிகள்: நைனா, சிவசங்கரன் சார், பெங்களூரிலிருந்து தமிழரசு. உமாபதி எங்கள் இருவருக்கும் காணிப்பாக்கத்துப் பிள்ளையார் பிரசாதம் வைத்திருந்தார். “அன்னிக்கி நான் கேட்டதை மனசுல வெச்சுக்காதீங்க மேடம்,” என்றார். நீங்கள் கேட்காவிட்டால் இது நடந்தே இருக்காது என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அத்தை வந்திருந்தார். (எழுதிப் பழக வேண்டும். அத்தை.) எங்கள் காலனிக்கும் வந்தார், முதல் முறையாக. பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் விளிம்பில் உட்கார்ந்தார். சாப்பாடு வேண்டாம், விரதம் என்றார். என்ன விரதம் என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீரும் வேண்டாம், கலர் இருந்தால் குடு என்றார். மூடி திறக்காத பாட்டிலாகக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே திறந்து கொடுத்தோம். குடித்தார்.

வந்தாரே, குடித்தாரே என்று நைனாவுக்கு அதுவே பெரிய சந்தோஷம். எனக்குத்தான் அந்த மூடிச் சத்தம் காதிலேயே நிற்கிறது. ரமணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இரண்டாவது தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

ஜூலை 17, புதன். சித்தூர்

அதிகாரிகளின் இரண்டாவது கூட்டம். வரைபடமும் பட்டியலும் கொண்டுபோயிருந்தேன், எதையும் திறக்கவில்லை. “சார், காலியாக இருக்க ஒத்துக்கொள்ளாத உங்கள் கட்டம் என்னை என் கணவருக்குத் தங்கையாக்கியது,” என்று ஆரம்பித்தேன். மூக்குக் கட்டம் வந்தபோது சாதிப் பெயரைப் போடலாம் என்று யோசனை சொன்ன அதிகாரியே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தமிழரசுவுக்கு பெங்களூரில் வீடு கிடைத்த கதையைச் சொன்னபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அந்த அதிகாரி குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

காலியாக விடலாம். இருப்பதை வைத்துக்கொள்ளலாம். மாற்ற வேண்டுமென்றால் அவரவர் வந்து சொல்ல வேண்டும். சாதி அந்தக் கட்டத்துக்குள் வராது. ஏற்றுக்கொண்டார்கள்!

பஸ்ஸில் வழி நெடுக எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் குழந்தையை அந்தப் பக்கம் மாற்றி உட்காரவைத்தாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி மாசக் கூழ். அத்தை வீட்டுக் கூழ் தூக்குவாளியில் ரமணன் கையில் வந்தது, எனக்கும் நைனாவுக்கும். கூடவே ஒரு செய்தி: “குச்சிக்குக் கொஞ்சம் கூடவே குடு.” குச்சி நான்தான்.

செப்டம்பர் 15, ஞாயிறு. வேப்பங்கண்டிகை

திருத்த முகாம். பள்ளிக்கூடத்தில் கரண்ட் இல்லாததால் காலனி சமுதாயக் கூடத்தில் வைத்தார்கள். ஆபரேட்டர் பெண் பக்கத்தில் நான் வேடிக்கை பார்க்கிறவளாக உட்கார்ந்திருந்தேன். எதையும் யாருக்கும் சொல்லித்தரக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை.

ஊர்த் தெருக்காரர்கள் சிலர் வந்து தங்கள் வீட்டுப் பெயரைப் போட்டுக்கொண்டு போனார்கள். சிலர் காலியாக விடச் சொன்னார்கள். காலனியில் யாரும் மாற்றவில்லை. பெங்களூர் போன பிள்ளைகள் போன் செய்து, மாற்றாதீர்கள் என்று சொல்லியிருந்தார்களாம்.

பதினோரு மணி வாக்கில் குடை தெரிந்தது. எத்தனை வருஷமாக அத்தை காத்திருந்த நாள் இது! பெரியவீடு என்று போட்டுக்கொண்டு போகட்டும், அவர் உரிமை, நான் எழுதிய விதிதானே என்று மனசைத் தயார் செய்துகொண்டேன்.

“பேர் மாத்தணுமாம்மா?” என்று ஆபரேட்டர் கேட்டாள்.

“மாத்தினா எப்டி வரும், காட்டு.”

அவள் காட்டினாள். கல்யாணத்துக்குப் பிறகு என்னையும் சேர்த்த புது அட்டையில் மூன்று பெயர்: கங்கம்மா அம்சவேணி, கங்கம்மா வெங்கடரமணன், கங்கம்மா யமுனா. அவர் பெயரை மட்டும் மாற்றினால் முதல் வரி மாறும், மற்ற இரண்டும் அப்படியே நிற்கும். நாங்கள் வந்து சொன்னால்தான் எங்களுடையது மாறும். அத்தை கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் கட்டளையை மீறவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப நான் மட்டும் தனியா நிப்பேன், இவங்க ரெண்டு பேரும் ஒரு வூடு. இன்னாத்துக்கு அது? இருக்கறதே இருக்கட்டும் போ.” எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். “ரங்கையா வெச்ச பேருதான். பரவாயில்ல, சாமி பேருதானே வெச்சான்.”

வெயில் கொளுத்தியது. கூடத்துக்கு அடுத்த வீடு எங்களுடையது. ஒருவன் சைக்கிளைத் திருப்பி, கலர் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான்.

“அதெல்லாம் வாணாம். வாயெல்லாம் இனிச்சிகினு கெடக்கும்,” என்றார் அத்தை. எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த நைனாவைப் பார்த்து, “தண்ணி கீதா?” என்றார்.

நைனா உள்ளே ஓடினார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. எந்த டம்ளர் என்று தேடியிருப்பார் போல. கடைசியில் தான் தினமும் குடிக்கும் அந்த நசுங்கிய எவர்சில்வர் டம்ளரிலேயே பானைத் தண்ணீரை மொண்டு வந்தார். அத்தை வாங்கி, நின்றபடி, அண்ணாந்து முழுவதும் குடித்தார். டம்ளரைத் திரும்ப அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, வேலை கிடக்கிறது என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் வரை நைனா என்னைச் சுற்றிச் சுற்றி வந்து ஒன்றையே கேட்டார். “தண்ணி கொஞ்சம் உப்பா இருந்திருக்குமே, ஒண்ணும் சொல்லலியா அவங்க?”